116 மூட்டை, நல்ல நிலை

என் மேசை இழுப்பறையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. 2019-இல் திருச்சியில் நாங்கள் வீடு கட்டியபோது நான் எழுதிவந்த சிமெண்ட் இருப்புக் கணக்கு அது. நவம்பர் 14-ஆம் தேதிக்கு நேராக இப்படி ஒரு வரி இருக்கிறது: ‘ரூஃப் கான்கிரீட், செலவு 116 மூட்டை, நல்ல நிலை.’ கையெழுத்து என்னுடையது. அந்த வரி பொய். எழுதும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

நான் 31 ஆண்டுகள் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்தவன். உர இருப்பில் இரண்டு மூட்டை குறைந்ததற்காகச் சங்கச் செயலாளரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். பொய்ப் பதிவு எழுதியவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி அறிக்கை கொடுத்திருக்கிறேன். அவர்களில் யாரும் என்னிடம் இரக்கம் கேட்டுப் பெற்றதில்லை. நானும் இங்கே அதைக் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் 1,050 சதுர அடியில் ஒரு தரைத்தள வீடு. எங்கள் ஊர்ப்பக்கம் வீடு கட்டக் கொடுப்பதில் இரண்டு முறைகள் பழக்கம். சதுர அடிக்கு இவ்வளவு என்று சரக்கோடு சேர்த்துப் பேசிவிடுவது ஒன்று. லேபர் காண்ட்ராக்ட் மட்டும் கொடுத்துவிட்டுச் சரக்கை வீட்டுக்காரரே வாங்கிப்போடுவது இன்னொன்று. நாங்கள் எடுத்தது மூன்றாவது முறை. ஆகிற செலவை நான் கொடுப்பேன். அதன்மேல் 10 சதவீதம் இன்ஜினியருக்கு. ஒவ்வொரு பில்லும் என் பார்வைக்கு வரும். இந்த முறையை நான்தான் கேட்டு வாங்கினேன். பில் பார்ப்பது என் தொழில். பில் என் கைக்கு வந்தால் யாரும் என்னை ஏமாற்ற முடியாது என்று நம்பினேன்.

இன்ஜினியர் முப்பது வயதைத் தாண்டாத பையன். சொந்தமாகத் தொழில் தொடங்கி நான்கு வருடம். என்னை ‘சார்’ என்பார். நான் ‘தம்பி’ என்பேன். கடைக்கால் முடிந்து பேஸ்மட்டம் வரை ஒரு குறையும் இல்லை. மாதாமாதம் பில்களை ஒரு கோப்பில் கோத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஒவ்வொன்றையும் கூட்டிப் பார்த்தேன். ஒரு ரூபாய் கூடப் பிசகவில்லை.

பிசகாதது எனக்கு நிம்மதியைத் தந்திருக்க வேண்டும். அரிப்பைத்தான் தந்தது. சிமெண்ட் 66,600 ரூபாய்க்கு வந்திருந்தது. அதில் இவருக்கு 6,660. கடைக்கு ஒரு போன் போட்டதற்கு ஆறாயிரத்துச் சொச்சமா என்று தோன்றியது. சரக்கு விலை ஏற ஏற இவருடைய பங்கும் ஏறுகிறதே, விலையைக் குறைத்துப் பேச இவருக்கு என்ன அக்கறை இருக்கும் என்று யோசித்தேன். அந்த யோசனையில் தவறில்லை. இந்த முறையில் அப்படி ஒரு இடைவெளி இருப்பது உண்மைதான். அதைக் கேட்க நேரான வழிகள் இருந்தன. மூன்று கடையில் விலை வாங்கிக் காட்டச் சொல்லியிருக்கலாம். மொத்தச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு பேசியிருக்கலாம். நான் அவரைச் சந்தேகப்பட்டேன். அவர் சிமெண்ட் எடுத்த கடைக்குப் போய், இவருக்குத் தனியாகக் கமிஷன் தருகிறீர்களா என்று கேட்டேன். கடைக்காரர் இல்லை என்றார். நான் அதையும் நம்பவில்லை.

மே மாதம் அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். இனிமேல் சரக்கு எல்லாம் நானே வாங்கிக்கொள்கிறேன், கூலிக்கு மட்டும் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வரவேண்டியதில் 80,000 ரூபாய்க்கு மேல் அந்த ஒரு பேச்சில் போயிற்று. முகம் வாடியது. ஆனாலும் மறுக்கவில்லை.

“சரி சார். நீங்களே வாங்குங்க. ரெண்டே விஷயம். நான் சொல்ற தேதிக்குச் சரக்கு வரணும். சரக்கு சரியில்லன்னா திருப்பி அனுப்புவேன், அப்ப நீங்க கோபப்படக் கூடாது.”

சரி என்றேன். இரண்டையும் மீறினேன்.

சரக்கு வாங்குவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. வட்டியைப் பைசா வரை கணக்குப் போடத் தெரியும். பன்னிரண்டு எம்.எம். கம்பி 40 அடிக்குப் பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடை நிற்க வேண்டும் என்பது தெரியாது. எம்-சாண்டுக்கும் கிரஷர் தூளுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரியாது என்று யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் சிறுமை என்று நினைத்தேன்.

செப்டம்பரில் நான் பேரம் பேசி இறக்கிய எம்-சாண்ட் லோடு வந்தது. இன்ஜினியர் ஒரு தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் மணலைப் போட்டுக் குலுக்கி, திண்ணையில் வைத்தார். மணல் அடியில் தங்கியது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் சேறு ஒரு விரல் கனத்துக்குப் படிந்தது. “இது தூள் சார். வேண்டாம்” என்றார். லாரிக்காரரோடு நான் சண்டை போட்டு, வேறு லோடு வருவதற்கு மூன்று நாள் ஆயிற்று.

அந்த மூன்று நாளும் ஆட்கள் காலையில் வந்து திரும்பிப் போனார்கள். இரண்டு கொத்தனார், ஐந்து சித்தாள். சித்தாள் கூலி அன்று 450 ரூபாய். சித்தாள்கள் எல்லோரும் மணப்பாறைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்கள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்ற ஏற்பாடு 2021-இல்தான் வந்தது. அன்று அவர்கள் கைக்காசு கொடுத்துத்தான் வந்தார்கள். இப்படி வேலை நின்றுபோனால் ஆளுக்கு அரைக்கூலி கொடுத்துப் பில்லில் சேர்ப்பது இன்ஜினியரின் வழக்கம். அந்த வாரப் பில்லில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். ‘செய்யாத வேலைக்குக் கூலி அனுமதிக்க இயலாது’ என்று பக்கத்தில் எழுதினேன். தணிக்கையில் எழுதி எழுதிக் கை பழகிய வாசகம். வேலை நின்றது நான் இறக்கிய தூளால். கூலி போனது அவர்களுக்கு. அவர்களில் மூத்தவர் வந்து, “பஸ் காசாவது குடுங்கய்யா” என்றார். இன்ஜினியரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இது சிறிய குற்றம். பெரியதற்கு வருகிறேன்.

ஜூலை கடைசியில், ஆடி மாதம், ஒரு கடையில் சிமெண்ட் மூட்டைக்கு 30 ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொன்னார்கள். பில் இல்லாமல் எடுத்தால் அந்த விலை. அப்போது சிமெண்டுக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வாழ்நாள் முழுக்கப் பில் எங்கே, பில் எங்கே என்று கேட்டவன் பில் இல்லாமல் 200 மூட்டை எடுத்தேன். மிச்சம் 6,000 ரூபாய். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். மூட்டையின் பக்கவாட்டில் அது தயாரான வாரமும் வருடமும் அச்சிட்டிருக்கும். 24-ஆம் வாரம், 2019 என்று இருந்தது. ஜூன் நடுவில் தயாரானது. நான் எடுக்கும்போதே ஒன்றரை மாதப் பழசு. அந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

மனையில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு கொட்டகை இருந்தது. மண் தரைமேல் ஒரு தார்ப்பாயை விரித்து, சுவரை ஒட்டி, பதினான்கு மூட்டை உயரத்துக்கு அடுக்கவைத்தேன். பலகை போட்டுத் தரையிலிருந்து தூக்கி வைக்க வேண்டும். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி இருக்க வேண்டும். பத்து மூட்டைக்கு மேல் ஏற்றக் கூடாது. முன்னால் வந்தது முன்னால் செலவாக வேண்டும். ஆட்களை வைத்து வேலை வாங்கிய மேஸ்திரி இதையெல்லாம் அன்றே சொன்னார். பலகை வாடகைக்கு எடுக்க 1,500 ரூபாய் ஆகும் என்றார். வேண்டாம் என்றேன்.

ஆகஸ்டில் போட்டிருக்க வேண்டிய ரூஃப் தள்ளிக்கொண்டே போனது. கம்பிக்கு ஐந்து கடை ஏறி இறங்கியதில் மூன்று வாரம். மணல் தகராறில் கொஞ்சம். காத்துக் காத்துப் பார்த்த சென்ட்ரிங்காரர் வேறு மனைக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொட்டகைச் சுவர் ஓதமேறி, தொட்டால் கை நனைந்தது.

அக்டோபரில் இன்ஜினியர் கேட்டார்: “சார், அந்த சிமெண்ட் பழசாயிடுச்சு. ரூஃபுக்குப் புதுசு எறக்கிடுங்க. பழசுல நல்லா இருக்குறதைத் தரைக்குப் பார்த்துக்கலாம்.” எறக்கிவிட்டேன் தம்பி என்றேன். எறக்கியது 40 மூட்டை. தேவை 116. மீதியைப் பழசிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தேன். புது மூட்டை 40-ஐயும் கொட்டகையின் வாசல் பக்கம் அடுக்கினேன். எடுக்க வசதியாக இருக்கும் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறைப்பதற்காகத்தான் அடுக்கினேன்.

நவம்பர் 14, வியாழக்கிழமை. இன்ஜினியரின் அப்பாவுக்கு அன்று டயாலிசிஸ். ஒருநாள் தள்ளி வெள்ளிக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டிருந்தார். நாள் பார்த்தாகிவிட்டது, மாற்ற முடியாது என்றேன். காலை ஏழு மணிக்கு வந்து, கம்பி கட்டியதையும் கவர் பிளாக்கையும் பார்த்து, முதல் கலவையை எடுத்து ஆறு கியூப் அச்சில் போட்டுவிட்டு, பத்தரைக்குக் கிளம்பினார். “நாலு மணிக்குள்ள வந்துடுவேன். ஏதாவதுன்னா போன் பண்ணுங்க” என்று என்னிடமும் சொன்னார், மேஸ்திரியிடமும் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்குப் பழைய மூட்டையில் கை வைத்தார்கள். மேல் வரிசைகள் பரவாயில்லை. ஒன்றரை மணிவாக்கில், சுவரோரத்திலும் அடியிலும் இருந்த மூட்டைகள் வர ஆரம்பித்தன. மேஸ்திரி ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டார். கல் போல ஒரு கட்டியை எடுத்து விரலுக்கிடையே வைத்து நசுக்கிப் பார்த்தார். உடையவில்லை. அடுத்த மூட்டை. அதிலும் அப்படித்தான். என்னிடம் வந்தார்.

“சார், கட்டி தட்டிப்போச்சு. விரல்ல உதிர்ந்தா பரவால்ல. இது உதிரல. ஆகாது.”

அந்த நேரத்தை உங்கள் முன்னால் முழுதாக வைக்க வேண்டும். மேலே 22 ஆட்கள். மிக்சர் ஓடிக்கொண்டிருக்கிறது. வானம் மூட்டமாக இருந்தது. கலவை போட்டுக்கொண்டு போன விளிம்பு பின் அறைக்கு வந்து நின்றிருந்தது. என்னால் செய்ய முடிந்தவை பல. இரண்டு கிலோமீட்டரில் சிமெண்ட் கடை இருந்தது. கெட்டுப்போன 31 மூட்டைக்குப் பதில் புதியது ஒரு மணி நேரத்தில் வந்திருக்கும், 12,000 ரூபாய்க்குள். இன்ஜினியருக்குப் போன் செய்திருக்கலாம். எந்த இடத்தில் நிறுத்தலாம், நாளைக்கு எப்படித் தொடரலாம் என்று அவர் சொல்லியிருப்பார். பணம் என்னிடம் இருந்தது. வழியும் தெரிந்திருந்தது.

என் வாயை அடைத்தது வேறு. போன் செய்தால், புது சிமெண்ட் எறக்கிவிட்டேன் என்று நான் சொன்ன பொய் வெளியே வரும். உங்களைவிட எனக்கு வாங்கத் தெரியும் என்று காட்டியவன், 22 பேர் முன்னால் கெட்டுப்போன சரக்கோடு நிற்க வேண்டும். அது என்னால் முடியவில்லை.

“சலிச்சுட்டுப் போடுங்க” என்றேன்.

மேஸ்திரி நகரவில்லை. “இன்ஜினியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம் சார்.”

“வீடு என்னுது. சிமெண்ட் என்னுது. சொன்னதைச் செய்யுங்க.”

என்னைவிடப் பத்து வயது குறைந்தவர். முப்பது வருடம் கரண்டி பிடித்தவர். தலையைக் குனிந்துகொண்டு போனார். இரண்டு சித்தாள்கள் சல்லடை பிடித்துச் சலித்தார்கள். கட்டி மட்டும் நான்கு சாக்கு வந்தது. கட்டி என்பது காற்றிலும் ஓதத்திலும் தண்ணீர் குடித்து, தன் வேலையை ஏற்கெனவே முடித்துவிட்ட சிமெண்ட். சலித்துக் கீழே விழுகிற தூளும் பாதி உயிர் போனதுதான். கலவைக் கணக்கோ மூட்டைக்கு இவ்வளவு மணல், இவ்வளவு ஜல்லி என்பது. மூட்டை என்று பெயருக்கு இருந்ததில் 50 கிலோ இல்லை. இருந்ததிலும் பலம் இல்லை. அது அத்தனையும் பின் அறைத் தளத்தில் போய் விழுந்தது. அந்த அறையை எங்கள் பேரப்பிள்ளைகள் வந்தால் படுப்பதற்கென்று திட்டமிட்டிருந்தோம்.

என் மனைவி ஆட்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை.

நான்கு மணிக்கு இன்ஜினியர் வந்தார். “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா சார்?” முடிந்தது என்றேன். நான்கு சாக்குக் கட்டியையும் அதற்குள் பின்பக்கப் பள்ளத்தில் கொட்டி மண்ணைத் தள்ளியிருந்தேன். என் கையாலேயே தள்ளினேன். அன்று இரவு நோட்டை எடுத்து அந்த வரியை எழுதினேன்.

பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். ஏழாம் நாள் கியூப் சோதனை பாஸானது. அவை காலையில் போட்ட முதல் கலவையிலிருந்து எடுத்தவை. புது சிமெண்ட். டிசம்பர் முதல் வாரத்தில் சென்ட்ரிங் பிரித்தார்கள். ஹாலும் முன் அறையும் வழவழவென்று இருந்தன. பின் அறைக் கூரையின் அடிப்பகுதி வெளிறிப்போய், நடுவில் குறுக்காக விரிசல் ஓடி, நெடுகத் தண்ணீர் கசிந்தது. ஆணியால் கீறினால் மாவாக உதிர்ந்தது. இன்ஜினியர் கீறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அவர் மேஸ்திரியைக் கூப்பிட்டார். “அண்ணே, நான் போனப்புறம் தண்ணி அதிகமா விட்டீங்களா? வைப்ரேட்டர் போட்டீங்களா இல்லையா? உண்மையைச் சொல்லுங்க.”

மேஸ்திரி என்னைப் பார்த்தார். அவர் பதில் சொல்லவில்லை. நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் என் செல்போனை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

“தெரியல தம்பி. சரியாத்தான் போட்டோம்” என்றார் மேஸ்திரி.

“சிமெண்ட்?”

இந்தக் கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. நான் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். 116 மூட்டை, நல்ல நிலை. இன்ஜினியர் அதைப் படித்தார். தணிக்கை செய்தவர் எழுதிய கணக்கு. அதற்குமேல் அவர் என்னைக் கேட்கவில்லை.

கெட்ட சிமெண்டைப் போடச் சொன்னது ஆத்திரத்திலும் பயத்திலும் ஒரு நிமிடத்தில் நடந்தது என்று யாராவது எனக்காக வாதாடலாம். நோட்டைத் திறந்து காட்டியதற்கு அப்படி வாதாட இடமில்லை. நிதானமாக, பக்கத்தைத் தேடி எடுத்து, இன்னொரு மனிதன்மேல் பழி விழுவதற்கு என் கையெழுத்தைச் சாட்சியாகக் கொடுத்தேன்.

சுத்தியல் கருவி வைத்துப் பார்த்தார்கள். உருளையாகத் துளைத்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பின் அறைத் தளம் தாங்காது என்று வந்தது. முட்டுக்கொடுத்து, உடைத்து, மறுபடி போட்டார்கள். 92,000 ரூபாய். இன்ஜினியர் பாதியைத் தானே ஏற்றுக்கொண்டார். “நான் சைட்ல இல்லாதது என் தப்பு சார்” என்றார். அப்பாவின் டயாலிசிஸுக்காக ஒருநாள் தள்ளிவைக்க மறுத்தவன் எதிரில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 46,000 ரூபாயை வாங்கிக்கொண்டேன். என் வீட்டில் ஒரு வருடம் வேலை பார்த்ததற்குக் கூலிமேல் அவருக்கு வந்த 10 சதவீதம் ஏறக்குறைய 60,000. அதில் மிஞ்சியதை நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேஸ்திரியை அவர் அடுத்த வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒரு மாடி வீட்டு வேலை முழுதாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். அது வேறு ஆளுக்குப் போயிற்று. மேஸ்திரியின் கடைசிப் பில் 38,000 ரூபாய் என்னிடம் இருந்தது. குறைபாடான வேலை என்று காரணம் எழுதி நிறுத்திவைத்தேன். அவர் இரண்டு முறை வந்தார். மூன்றாம் முறை வரவில்லை.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தது. கட்டட வேலை எல்லாம் நின்றது. நாங்கள் புதுவீட்டில் இருந்தோம். ஓய்வூதியம் மாதம் தவறாமல் வந்தது. ஒருநாள் சாப்பிடும்போது மனைவி சொன்னாள்: “அந்த மேஸ்திரி வீட்ல இப்ப அடுப்பு எப்படிங்க எரியும்?” நான் மோர் கேட்டேன். அவள் மோரை ஊற்றிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு பின் அறையில் அவள் படுத்ததே இல்லை.

இதற்குப் பிறகும் பத்து மாதம் நான் மேஸ்திரியைப் பார்க்கப் போகவில்லை. தொற்று, முழங்கால் வலி, ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை என்று காரணங்கள் சொல்லிக்கொண்டேன். முகவரி என் நோட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

2021 ஜனவரியில், பொங்கல் கழிந்து, அவர் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு. அவர் மனைவியின் காதில் தோடு இல்லை, வேப்பங்குச்சி இருந்தது. ஊரடங்கில் அடகுக்குப் போனது திரும்பவில்லை என்று பிறகு தெரிந்தது. மேஸ்திரி கேரளாவுக்குக் கொத்தனார் வேலைக்குப் போகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். பத்துப் பேரை வைத்து வேலை வாங்கியவர் இன்னொருவருக்குக் கீழே தினக்கூலிக்குப் போகிறார். 38,000 ரூபாயைக் கொடுத்தேன். எண்ணாமல் மனைவியிடம் கொடுத்தார். என் தவறு என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். அன்று ஏன் நீங்கள் இன்ஜினியரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி. அவர் கோபப்படாமல் பதில் சொன்னார்.

“நான் சொல்றேன்னு வைங்க சார். அவர் உங்களைக் கேப்பாரு. நீங்க இல்லன்னு சொல்லிட்டா? வேலை தெரியாதவன்னு மட்டும் இல்ல, பொய் சொல்றவன்னும் ஆயிருப்பேன். உங்க கையில நோட்டு இருந்துச்சு. என் கையில என்ன இருந்துச்சு?”

அடுத்த வாரம் இன்ஜினியரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பில் இல்லாமல் வாங்கியது, புது மூட்டையை முன்னால் அடுக்கியது, பள்ளத்தில் கொட்டியது, நோட்டு. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “கியூப் பாஸாச்சு, ஸ்லாப் போயிடுச்சு. ஒரு வருஷமா என் கணக்கு எங்க தப்புன்னு தேடிட்டிருக்கேன் சார். ஒவ்வொரு ரூஃப் போடறப்பவும் முந்தின ராத்திரி தூக்கம் வராது.” என் எதிரிலேயே மேஸ்திரிக்குப் போன் போட்டார். “அண்ணே, என்னை மன்னிச்சிடுங்கண்ணே” என்றார். நான் செய்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். 46,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அதன்பிறகு என் வீட்டுப்பக்கம் அவர் வந்ததில்லை.

வீடு கட்டுகிறவர்கள் சரக்கை நேரடியாக வாங்குவது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. எவ்வளவோ பேர் ஒழுங்காக வாங்கிக் கட்டுகிறார்கள். கடைக்குப் பணத்தை நீங்களே செலுத்தலாம். ஆனால் என்ன சரக்கு, என்றைக்கு வேண்டும் என்று சொல்கிறவர் யார், வந்ததைப் பார்த்து ஏற்கிறவர் யார், பத்திரப்படுத்துகிறவர் யார், கெட்டுப்போனால் நஷ்டம் யாருக்கு, சரக்கு வராமல் வேலை நின்றால் ஆட்களின் கூலி யார் தலையில் என்பதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். நான் வெட்டிய 10 சதவீதம் போன் போட்டதற்கான காசு என்று நினைத்திருந்தேன். பாட்டிலில் மணலைக் குலுக்கிப் பார்ப்பதற்கும், வார எண்ணைப் படிப்பதற்கும், பலகை போட்டு அடுக்குவதற்கும், கெட்டது வந்தால் திருப்பி அனுப்புவதற்கும், கடைசியில் கூரை ஒழுகினால் எதிரில் வந்து நிற்பதற்கும் சேர்த்துத்தான் அது இருந்தது. காசை நான் எடுத்துக்கொண்டேன். எதிரில் வந்து நிற்கும் வேலையை மட்டும் அவர்களிடமே விட்டுவிட்டேன்.

அந்த ஐந்து சித்தாள்களில் மூன்று பேரைத் தேடிப் பிடித்து, மூன்று நாள் கூலியைக் கொடுத்தேன். இரண்டு பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ் காசு கேட்டவர் அந்த இரண்டு பேரில் ஒருவர்.

தணிக்கையில் ஒரு விதி உண்டு. தவறான பதிவை அழிக்கக் கூடாது, மேலெழுதக் கூடாது. ஒரே ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்குக் கீழே பழைய எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியிட்டு, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். இன்ஜினியரைப் பார்த்துவிட்டு வந்த இரவு அதைச் செய்தேன். இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது:

‘ரூஃப் கான்கிரீட், செலவு 116 மூட்டை. புதியது 40. பழையது 76. பழையதில் கெட்டுப்போனது 31. தெரிந்தே போடச் சொன்னது உரிமையாளர். மேஸ்திரி தடுத்தார்.’